முன்மாரிக்கும் பின்மாரிக்கும் நடுவே

(திருவருகைக் காலம் மூன்றாம் ஞாயிறன்று வானொலியில் ஒலிபரப்பான மறையுரை)



இன்று நம் ஆலயங்களில் மூன்றாவது மெழுகுதிரியை ஏற்றுகிறோம். மற்ற மூன்றும் ஊதா நிறம், இது மட்டும் ரோஜா நிறம். மகிழ்ச்சியின் ஞாயிறு என்று திருச்சபை இதற்குப் பெயர் வைத்திருக்கிறது. ஆனால் இந்த ஞாயிறுக்குத் தந்திருக்கும் வாசகங்களைப் பாருங்கள். நற்செய்தியில் திருமுழுக்கு யோவான் சிறையில் இருக்கிறார். இரண்டாம் வாசகத்தில் யாக்கோபு நம்மைப் பொறுமையாக இருக்கச் சொல்கிறார். நிலத்தில் விதைத்துவிட்டு முன்மாரிக்கும் பின்மாரிக்கும் காத்திருக்கும் உழவரை நமக்கு முன்மாதிரியாகக் காட்டுகிறார்.

பொறுமை என்று பிரசங்கம் வைப்பது எங்களைப் போன்ற குருக்களுக்குச் சுலபம். எங்களுக்கு மாத வாடகை கிடையாது. சனிக்கிழமை இரவு மளிகைக் கடைப் பாக்கியை அடைக்க வேண்டிய கவலையும் இல்லை. அதனால் இந்த வார்த்தையைக் கொஞ்சம் பயத்தோடுதான் இன்று எடுக்கிறோம்.

போன மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை இரவு, சம்பளம் வாங்கிய கையோடு ஒரு தாய் நேரே பங்கு இல்லத்துக்கு வந்தார். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் இதைச் சொல்கிறோம். பெயர் மட்டும் வேண்டாம் என்றார். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் கிராமத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். அவருக்கு ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. கணவர் கம்பெனி வண்டி ஓட்டுகிறார். மூத்த மகன் பத்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டு ஓவர்லாக் டெய்லராக இருக்கிறான். இளையவன் ஊரில் பாட்டியோடு வளர்ந்தவன். கோவில்பட்டிப் பக்கம் வளர்ந்த பிள்ளைக்கு ஹாக்கி மட்டை எப்படியோ கைக்கு வந்துவிடும். தெற்கே ஒரு விளையாட்டு விடுதியில் அவனுக்கு இடம் கிடைத்து, இப்போது பதினோராம் வகுப்பு படிக்கிறான்.

"மூணு வருசமாச்சு சாமி. இன்னும் ஒரு பெரிய மேட்ச்ல கூட முழுசா ஆடல. வெளியதான் உட்கார்ந்திருக்கானாம். அவன் வயசுப் பையன் எங்க லைன்ல சேர்ந்து வாரா வாரம் சம்பளம் வாங்குறான். கிறிஸ்மஸ் லீவுக்கு வரும்போது அப்படியே நிறுத்திக்கலாம்னு இருக்கோம். நீங்க என்ன சொல்றீங்க?"

மூன்று வருடம். அந்த எண்ணைக் கேட்டதும் நமக்கு லூக்கா நற்செய்தியின் அத்திமரம் நினைவுக்கு வந்தது. மூன்று ஆண்டுகளாகக் கனி தேடி வந்தும் ஒன்றும் காணாத தோட்டக்காரர், இடத்தை ஏன் அடைத்துக்கொண்டு நிற்கிறது, வெட்டிவிடு என்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. நிலத்துக்கு வரி கட்டுபவர் அவர்தானே. உடனே பதில் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. யோசித்துச் சொல்கிறோம் அம்மா என்று அனுப்பிவைத்தோம்.

அந்த யோசனையோடு இருந்த நாட்களில்தான் ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கி நம் தமிழ்நாட்டுக்கே வந்தது. நவம்பர் 28 முதல் டிசம்பர் 10 வரை சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. 24 நாட்டு அணிகள், எல்லாரும் 21 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள். நம் பங்கு இளைஞர்கள் சிலர் வேன் பிடித்து மதுரைக்குப் போய், இந்தியா சுவிட்சர்லாந்தை 5-0 என்று வென்றதைப் பார்த்துவிட்டு, தொண்டை கட்டித் திரும்பினார்கள். அந்த வார இளைஞர் கூட்டத்தில் இறைவார்த்தைப் பகிர்வு நடக்கவில்லை, ஹாக்கிப் பகிர்வுதான் நடந்தது. நாங்களும் தடுக்கவில்லை.

கடந்த ஞாயிறன்று அரையிறுதி. ஜெர்மனியிடம் நம் பிள்ளைகள் 5-1 என்று தோற்றார்கள். சொந்த மண்ணில், நிறைந்த அரங்கில் அப்படியொரு தோல்வி. மூன்று நாள் கழித்து, கடந்த புதன்கிழமை, வெண்கலப் பதக்கத்துக்காக அர்ஜென்டினாவோடு எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் மைதானத்தில் ஆடினார்கள். அங்கேயும் 0-2 என்று பின்னால். ஹாக்கி ஆட்டம் 15 நிமிடக் கால்பகுதிகள் நான்கு கொண்டது. மூன்று முடிந்துவிட்டன, நம் கணக்கில் ஒரு கோல் இல்லை. கடைசிப் பகுதியில் நான்கு கோல் அடித்து 4-2 என்று வென்றார்கள்.

அந்த அணியின் பயிற்சியாளரை உங்களில் பலருக்குத் தெரியும். பி.ஆர். ஸ்ரீஜேஷ். கேரளத்தில் எர்ணாகுளம் மாவட்டம் கிழக்கம்பலத்துக்காரர். கிழக்கம்பலம் என்றால் நம் தொழிலில் இருப்பவர்களுக்கு உடனே தெரியும். அங்கேயும் ஒரு பெரிய ஆடைத் தொழிற்சாலை இருக்கிறது. ஸ்ரீஜேஷ் விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. 12 வயதில் திருவனந்தபுரம் ஜி.வி. ராஜா விளையாட்டுப் பள்ளியில் சேர்ந்தார். சிறு வயதில் ஓட்டம், நீளம் தாண்டுதல், கைப்பந்து என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தவர். கோல்கீப்பராக நின்று பார் என்று சொன்னவர் அந்தப் பள்ளியின் பயிற்சியாளர். கோல்கீப்பருக்குக் காலிலும் கையிலும் கட்டும் பேடுகள் விலை அதிகம். அதை வாங்க அப்பா வீட்டுப் பசுவை விற்றார் என்று ஸ்ரீஜேஷே சொல்லியிருக்கிறார்.

2006-இல் கொழும்பில் நடந்த தெற்காசிய விளையாட்டில் 18 வயதில் இந்திய அணிக்குள் வந்தார். கதை அங்கேயே முடிந்துவிட்டது என்று நினைக்கக் கூடாது. கோலில் ஒருவர்தான் நிற்க முடியும். முன்னணி வீரர் என்றால் ஐந்து நிமிடம் இறங்கலாம், பத்து நிமிடம் இறங்கலாம். கோல்கீப்பருக்கு அந்த வழியும் அரிது. மூத்தவர்கள் நிற்கும்வரை இளையவர் வெளியே இருக்க வேண்டும். சுமார் ஐந்து ஆண்டுகள் அப்படிப் போயின. 2011-க்குப் பிறகுதான் அவருக்கு இடம் உறுதியானது. அடுத்த ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் இந்தியா எல்லா ஆட்டங்களையும் தோற்று 12-ஆவது இடம், அதாவது கடைசி இடம் பெற்றது. அப்போது வெட்டிவிடு என்று எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள்! 2021 ஆகஸ்ட் 5 அன்று டோக்கியோவில், ஜெர்மனியோடு ஆடிய ஆட்டத்தின் கடைசி வினாடிகளில் வந்த பெனால்டி கார்னரை அவர் தடுத்தார். 5-4. 1980-இல் சென்னைக்காரர் வி. பாஸ்கரன் தலைமையில் மாஸ்கோவில் வாங்கிய தங்கத்துக்குப் பிறகு, 41 ஆண்டு கழித்து இந்திய ஹாக்கிக்கு ஒலிம்பிக் பதக்கம். அன்று ஸ்ரீஜேஷுக்கு 33 வயது. விளையாட்டுப் பள்ளிக்குப் பெட்டி தூக்கிக்கொண்டு போன நாளிலிருந்து 21 ஆண்டுகள்.

இந்தக் கதையைச் சொல்லி, பார்த்தீர்களா, பொறுத்தார் பூமி ஆண்டார் என்று முடித்துவிடலாம். பள்ளி ஆண்டு விழாக்களில் அப்படித்தான் முடிக்கிறார்கள். நமக்கு அதில் ஒரு கேள்வி இருக்கிறது. அந்த 21 ஆண்டுகளும் பொறுமையாக இருந்தவர் ஸ்ரீஜேஷ் மட்டும்தானா? பசுவை விற்ற அப்பா இருக்கிறார். கோல் தடுக்கத் தெரியாத பையனுக்குச் சோறும் பாடமும் கொடுத்த ஒரு பள்ளி இருக்கிறது. பந்தை விட்டுவிட்டு விட்டுவிட்டுக் கற்றுக்கொள்ள இடம் கொடுத்த பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள். பையன் காத்திருந்தான் என்றால், அவன் காத்திருக்கும்படி பின்னால் யாரோ செலவழித்துக்கொண்டே இருந்தார்கள்.

யாக்கோபின் வார்த்தையை இங்கே கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். நமது வாசகத்தில் அவர் பயன்படுத்தும் கிரேக்கச் சொல் மக்ரோதூமியா. நீண்ட மனம், சட்டென்று கொதித்துவிடாத மனம் என்று பொருள். பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பில் இந்தச் சொல் பல இடங்களில் கடவுளைப் பற்றியே வருகிறது: சினம் கொள்ளத் தாமதிப்பவர் என்று சொல்லுமிடத்தில். தண்டிக்க வலிமை இருந்தும் நேரம் கொடுப்பவரின் பொறுமை அது. யாக்கோபு காட்டும் உழவரும் அப்படித்தான். பயிரின்மேல் பொறுமையாக இருக்கிறார் என்கிறது மூலம். பயிரைப் பொறுமையாக இரு என்று அவர் அதட்டவில்லை. பயிர் தன் பாட்டுக்கு வளர்கிறது. பொறுமை நிலத்துக்காரர் பக்கத்து வேலை.

நம் தமிழிலும் பாருங்கள், பொறுமையும் பொறுப்பும் ஒரே வேரில் பிறந்தவை. பொறு என்றால் சுமை தாங்கு. பிள்ளைகளைப் பொறுமையாக இருக்கச் சொல்லிவிட்டு, அந்தச் சுமையில் ஒரு மூலையைக்கூட நாம் தூக்கவில்லையென்றால் அது வெறும் வாய்ப்பேச்சு.

பாலஸ்தீன நாட்டில் முன்மாரி அக்டோபர், நவம்பரில் பெய்து விதைப்புக்கு நிலத்தை இளக்கும். பின்மாரி மார்ச், ஏப்ரலில் வந்து கதிரை முற்றச் செய்யும். நடுவில் உள்ள மாதங்களில் உழவர் கயிற்றுக் கட்டிலில் படுத்துக் கிடப்பதில்லை. நம் கரிசல்காட்டுக்காரர்களைக் கேளுங்கள். மானாவாரி நிலத்தில் புரட்டாசி மழையை நம்பி விதைத்தவருக்கு அதன்பிறகுதான் வேலை. களை எடுக்க வேண்டும், பறவை விரட்ட வேண்டும், பன்றி வராமல் இராக்காவல் கிடக்க வேண்டும். ஒன்றை மட்டும் செய்ய மாட்டார்: வேர் விட்டிருக்கிறதா என்று பார்க்கத் தினமும் செடியைப் பிடுங்க மாட்டார்.

தொழில்முறை ஹாக்கி அணிகள் இன்று இதை எப்படிச் செய்கின்றன என்று நம் இளைஞர்கள் எங்களுக்கு விளக்கினார்கள். ஹாக்கியில் ஆட்டம் நடக்கும்போதே ஆளை மாற்றலாம், திரும்ப இறக்கலாம், எத்தனை முறை வேண்டுமானாலும். புதுப் பையனை மூன்று நிமிடம் இறக்குவார்கள். தப்பு செய்வான். வெளியே கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்து, பக்கத்தில் உட்காரவைத்து, எங்கே நின்றிருக்க வேண்டும் என்று காட்டுவார்கள். மறுபடி மூன்று நிமிடம். அந்த பெஞ்சு தண்டனைக்கான இடம் இல்லை, வகுப்பறை. 2024 டிசம்பரில் திரும்பத் தொடங்கிய ஹாக்கி இந்தியா லீக்கில் ஒரு விதியும் வைத்தார்கள். அப்போது ஓர் அணியில் 24 பேர். அதில் குறைந்தது 16 பேர் இந்தியர்கள், அந்த 16-இல் 4 பேர் கட்டாயம் ஜூனியர்கள். நம் தமிழ்நாடு டிராகன்ஸ் அணிக்கும் அதே விதிதான் இருந்தது. பணம் போட்டவர் வெற்றியைத்தான் கேட்பார், அது இயல்பு. ஆனாலும் கனி தராத நான்கு மரங்களுக்குத் தோட்டத்தில் இடம் விட்டே தீர வேண்டும் என்று விதி சொன்னது. விதியாக எழுதி வைக்காவிட்டால் நம் பொறுமை ஒரு வாரம் தாங்காது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது!

டிராகன்ஸ் அணியில் ஆடியவர்களில் ஒருவர் செல்வம் கார்த்தி. அரியலூர்ப் பையன், கோவில்பட்டி விடுதியில் தேறி வந்தவர். கடலைமிட்டாயும் தீப்பெட்டியும் ஹாக்கியும்தான் கோவில்பட்டி என்பார்கள். குடிதண்ணீருக்கே சிரமப்பட்ட கரிசல் ஊரில், தண்ணீர் தெளித்து ஈரமாக்கி ஆட வேண்டிய செயற்கைப் புல்தரை போட்டுப் பிள்ளைகளை வளர்க்கிறார்கள். 2022 மே மாதம் ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பை. கார்த்தி இந்தியாவுக்காக ஆடிய முதல் போட்டி, பாகிஸ்தானுக்கு எதிராக. அதிலேயே கோல் அடித்தார். கோவில்பட்டியின் மாரீஸ்வரன் சக்திவேலும் அந்த அணியில் இருந்தார். 2023-இல் சென்னையில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையை வென்ற அணியிலும் கார்த்தி உண்டு. அதன்பிறகு? 2024 பாரிஸ் ஒலிம்பிக் அணியில் அவர் பெயர் இல்லை. 2025-இல் ராஜ்கிரில் நடந்த ஆசியக் கோப்பைக்கு மாற்று வீரராகக் காத்திருப்போர் பட்டியலில் வைத்தார்கள். உள்ளே போய்விட்டு மறுபடி வாசலில் நிற்பது, முதலிலிருந்தே வாசலில் நிற்பதைவிடக் கடினம் என்று நமக்குத் தோன்றுகிறது.

அந்தத் தாயிடம் பொய் சொல்ல நமக்கு மனமில்லை. காத்திருக்கும் எல்லாரும் ஸ்ரீஜேஷ் ஆவதில்லை. 2016 டிசம்பரில் லக்னோவில் இந்தியா ஜூனியர் உலகக் கோப்பையை வென்றது. ஹர்மன்பிரீத், மன்தீப், சிம்ரன்ஜீத் என்று அந்த அணியில் பலர் ஐந்து ஆண்டு கழித்து டோக்கியோவில் பதக்கம் வாங்கினார்கள். அந்த ஜூனியர் அணிக்குத் தலைவராக நின்று கோப்பையைக் கையில் வாங்கிய ஹர்ஜீத் சிங் டோக்கியோவில் இல்லை. அதே அணியில் இருந்த கிருஷண் பதக் என்ற கோல்கீப்பர், ஸ்ரீஜேஷுக்குப் பின்னால் ஆண்டுக்கணக்கில் இருந்தார். பாரிஸிலும் மாற்று வீரர்தான். ஸ்ரீஜேஷ் ஓய்வு பெற்ற பிறகே கோல் அவர் வசம் வந்தது. ஒருவருக்குப் பின்மாரி பெய்தது, ஒருவருக்குத் தாமதமாகப் பெய்தது, ஒருவருக்கு அந்த வயலில் பெய்யவில்லை. நாட்டுக்கு ஆடாதவர்களுக்கும் ரயில்வே, காவல்துறை, வருமான வரித்துறை என்று விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைப்பதுண்டு. அதுவும் எல்லாருக்கும் இல்லை. குறைந்தபட்சம் பையன் பன்னிரண்டாம் வகுப்பை முடிப்பான். நம் ஊரில் அது சின்ன விஷயம் இல்லை.

இந்த இடத்தில் யாக்கோபின் கடிதத்தைக் கொஞ்சம் பின்னோக்கிப் புரட்ட வேண்டும். இன்றைய வாசகம் ஐந்தாம் அதிகாரம் ஏழாம் வசனத்தில் தொடங்குகிறது. அதற்கு மூன்று வசனம் முன்னால் அவர் யாரிடம் பேசுகிறார் தெரியுமா? வயலில் அறுவடை செய்தவர்களின் கூலியைப் பிடித்து வைத்துக்கொண்ட செல்வர்களிடம். அந்தக் கூலியே கூக்குரல் இடுகிறது, அது ஆண்டவரின் காதுக்கு எட்டிவிட்டது என்கிறார். அதைச் சொல்லிவிட்டுத்தான் சகோதரர்களைப் பார்த்துப் பொறுமையைப் பேசத் தொடங்குகிறார். இந்த வரிசையைத் திருப்பூரில் மறக்கவே கூடாது. பில் வரவில்லை, பையர் பணம் போடவில்லை, இரண்டு வாரம் பொறுத்துக்கொள் என்று தொழிலாளியிடம் சொல்வது யாக்கோபு சொல்லும் பொறுமை ஆகாது. அது அவன் பொறுமையைக் கடன் வாங்குவது, வட்டியில்லாமல்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் லைன்களில் புதிதாக வரும் பையனுக்கோ பெண்ணுக்கோ எத்தனை நாள் கொடுக்கிறோம்? கைமடியாகச் சேர்ந்தவர் பிசிறு வெட்டுவதிலேயே ஆண்டுகள் கழித்துவிடுகிறார். மெஷினில் உட்கார்ந்து பழக யாரும் விடுவதில்லை, பீஸ் கெட்டுவிடும் என்கிறார்கள். தெரியாமல் உட்கார்ந்து ஒரு கட்டு கெட்டுப்போனால் எல்லார் முன்னாலும் திட்டு, சில இடங்களில் அன்றோடு வேலையும் போச்சு. பீஸ் ரேட்டில் இருக்கும் டெய்லரைக் குற்றம் சொல்ல முடியாது. கற்றுக்கொடுக்கும் அரைமணி நேரம் அவர் சம்பளத்தில் குறைகிறது. ஆகவே அந்த அரைமணிக்கு யாராவது காசு கொடுக்க வேண்டும். அப்படிக் கொடுத்துப் பழக்கும் கம்பெனிகள் நம் பகுதியில் இருக்கின்றன. அங்கே ஆள் நிலைத்து நிற்பதை முதலாளிகளே நம்மிடம் சொல்லியிருக்கிறார்கள். நேயர்களில் முதலாளிகளும் சூப்பர்வைசர்களும் இருப்பீர்கள். லீக்கின் அந்த நான்கு பேர் விதியை உங்கள் லைனில் வைத்து நினைத்துப் பாருங்கள்.

நாங்களும் இதில் சுத்தமானவர்கள் இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் நம் பங்கில் சிறுவர்களுக்கு ஒரு கைப்பந்து அணி தொடங்கினோம். வலை வாங்கினோம், சட்டை அடித்தோம். சட்டைக்கு நம் ஊரில் பஞ்சமா! மறைவட்ட அளவில் நடந்த போட்டிக்குப் போய் முதல் ஆட்டத்திலேயே தோற்றுத் திரும்பினார்கள். அடுத்த ஆண்டும் அப்படியே. செலவுக்குப் பலன் இல்லை என்று பங்குப் பேரவையில் பேச்சு வந்தது, நாங்களும் தலையாட்டினோம். அணி நின்றது. அந்தப் பிள்ளைகளில் இரண்டு பேர் அதற்குப் பிறகு கோவில் பக்கமே வருவதில்லை. அந்த வலை இன்றைக்கும் இருக்கிறது. டிசம்பரில் குடில் கட்டும்போது நட்சத்திரங்களைத் தொங்கவிட அதைத்தான் எடுக்கிறோம். இந்த வாரமும் எடுத்தோம்.

நற்செய்திக்கு வருவோம். சிறையில் இருக்கும் யோவான் தம் சீடர்களை இயேசுவிடம் அனுப்பி, வரவேண்டியவர் நீர்தானா, அல்லது வேறு ஒருவருக்காக நாங்கள் காத்திருக்க வேண்டுமா என்று கேட்கச் சொல்கிறார். யோர்தானில் இவர்தான் என்று சுட்டிக்காட்டிய அதே யோவான்! நம்பிக்கை குறைந்துவிட்டதா என்று விளக்கவுரையாளர்கள் இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். அதற்குள் இப்போது போகவேண்டாம். இயேசு அவரைக் கடிந்துகொள்ளவில்லை என்பதை மட்டும் கவனிப்போம். பொறுமையில்லாதவன் என்று சொல்லவில்லை. நீங்கள் பார்த்ததையும் கேட்டதையும் போய்ச் சொல்லுங்கள் என்று அனுப்புகிறார். பார்வையற்றோர் பார்க்கிறார்கள், கால் ஊனமுற்றோர் நடக்கிறார்கள். காத்திருப்பவர் கேட்கும் கேள்விக்கு அவர் கண்ணால் காணக்கூடிய பதில் கொடுக்கிறார். சீடர்கள் போனபின்பு, கூட்டத்தின் முன்னால் யோவானைப் புகழ்ந்தும் பேசுகிறார்.

இன்னும் எவ்வளவு நாள் என்று கேட்ட அந்தத் தாய் கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்டுவிடவில்லை என்று இந்தப் பகுதியை வாசிக்கும்போது நமக்குப் பட்டது. அவருக்கு நாம் கொடுக்க வேண்டியதும் காணக்கூடிய பதில்தான். ஆகவே மறையுரை எழுதுவதை நிறுத்திவிட்டு, அந்தப் பையனின் விடுதிக்கு போன் செய்தோம். பயிற்சியாளர் நல்ல மனிதர், அவசரப்படாமல் பேசினார். "போன வருசம் வரைக்கும் பந்தை மட்டுமே பார்த்துட்டு ஓடுவான் ஃபாதர். இந்த வருசம்தான் தலையைத் தூக்கி ஆளைப் பார்க்க ஆரம்பிச்சிருக்கான். எங்களுக்கு அதுதான் கணக்கு. அடுத்த வருசம் இறக்குவேன்னு நெனைக்கிறேன், சத்தியம் பண்ண மாட்டேன்" என்றார். சத்தியம் பண்ண மாட்டேன் என்று சொன்னதால் அவர்மேல் நமக்கு நம்பிக்கை கூடியது. அத்திமரத்துத் தோட்டத் தொழிலாளரும் கனி வரும் என்று வாக்குக் கொடுக்கவில்லை. சுற்றிலும் கொத்தி எரு போடுகிறேன், இன்னும் ஓர் ஆண்டு விடுங்கள் என்றுதான் கேட்டார்.

கடந்த வெள்ளிக்கிழமை இரவு அந்த வீட்டுக்குப் போனோம். பயிற்சியாளர் சொன்னதை அப்படியே சொன்னோம். அப்பா நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, பன்னிரண்டு முடிக்கட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். ஆகட்டும் என்று எழுந்திருக்கும்போது, தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த மூத்தவன் சொன்னான், "அவனுக்கு மட்டை பழசாயிடுச்சு. நான் வாங்கித் தர்றேன்." அம்மா அவனைத் திரும்பிப் பார்த்தார். நாங்களும் பார்த்தோம். அந்தப் பையனுக்கு வயது 21. சென்னையில் ஆடிய பிள்ளைகளின் வயது. பத்தாம் வகுப்பு முடித்த கோடையில் அவனை ஓவர்லாக்கில் உட்கார வைத்தபோது, இவனுக்கு இன்னும் ஓர் ஆண்டு கொடுங்கள் என்று கேட்க யாரும் வரவில்லை. அந்தக் குடும்பம் அன்றும் இதே பங்கில்தான் இருந்தது.

வாசலில் செருப்பு மாட்டும்போது அவனிடம், நீ மேலே படிக்க வேண்டும் என்று எப்போதாவது நினைத்திருக்கிறாயா என்று கேட்டோம். சிரித்தான். "இப்பப் போய் என்ன சாமி?" என்றான். கொஞ்சம் கழித்து, பேட்டர்ன் மாஸ்டர் ஆக வேண்டும் என்று ஓர் ஆசை இருக்கிறது, அதற்கு மாலையில் வகுப்பு எங்கோ நடக்கிறதாம், எவ்வளவு ஆகும் என்று தெரியவில்லை என்றான். விசாரித்துச் சொல்கிறோம் என்று வந்திருக்கிறோம். வின்சென்ட் தே பவுல் சபையாரிடமும் சொல்லி வைத்திருக்கிறோம். இதைக் கேட்டுக்கொண்டிருப்பவர்களில் அந்தத் தொழில் தெரிந்தவர்கள் இருந்தால் பங்கு இல்லத்துக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

இளையவன் அரையாண்டுத் தேர்வு முடிந்து 24-ஆம் தேதி காலையில் கோவில்வழி பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்குகிறான். அழைத்து வர அண்ணன்தான் போவதாக இருக்கிறான். இரண்டு மணி நேரம் பெர்மிஷன் கேட்டிருக்கிறான். சம்மர் ஆர்டர் ஓடுவதால் கிடைக்குமா என்று இன்னும் தெரியவில்லை.